செல்லாத காசுக்கு இங்கே செல்வாக்கு!

பழைய நாணயச் சந்தையில் வாங்குவதும் விற்பதும்

மளிகைக் கடைக்காரர் அதை வாங்க மாட்டார். பஸ் கண்டக்டர் வாங்க மாட்டார். பிச்சைக்காரர்கூடத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அப்படிப்பட்ட செல்லாத காசைத் தேடிப் பிடித்து, பேரம் பேசி, நல்ல பணம் கொடுத்து வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்!

அவர்கள் கூடும் இடம்தான் நாணயக் கண்காட்சி. சென்னை, கோவை, மதுரை, திருச்சி முதலிய ஊர்களில் இத்தகைய கண்காட்சிகள் அவ்வப்போது நடக்கின்றன. ஒரு மண்டபம், இரண்டு மூன்று நாள். பெயர் கண்காட்சி. ஆனால் பாதி இடம் சந்தைதான்!

மேஜை நிறையக் காசு

மண்டபத்தின் ஒரு பக்கம், சேகரிப்பாளர்கள் தங்கள் செல்வத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் வைத்திருப்பார்கள். அவை பார்ப்பதற்கு மட்டுமே. மறுபக்கம் வியாபாரிகள் வரிசையாக மேஜை போட்டிருப்பார்கள். மேஜை மேல் துணி. துணி மேல் தட்டு. தட்டு நிறையக் காசு!

விலை உயர்ந்த காசுகள் ஆல்பத்தில் இருக்கும். பக்கத்தில் ஒரு சின்னத் தராசு. ஒரு பூதக்கண்ணாடி. விலை குறைந்த வெளிநாட்டுக் காசுகளை ஒரே தட்டில் குவித்து வைத்திருப்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மொய்ப்பது அந்தத் தட்டைத்தான்.

“இது என்ன விலை, அண்ணே?”

“முந்நூறு ரூபாய், தம்பி.”

“இருநூறுக்குக் கொடுங்களேன்.”

“இருநூற்றைம்பது. அதற்குக் கீழே கட்டாது.”

கத்தரிக்காய் வாங்குவது போலத்தான் பேரம் நடக்கிறது. ஆனால் கத்தரிக்காய்க்கு இல்லாத ஒரு சங்கடம் காசுக்கு உண்டு. கத்தரிக்காய் சொத்தையா என்று எல்லாருக்கும் தெரியும். காசு நல்லதா, போலியா என்று எல்லாருக்கும் தெரியாது. தெரிந்தவர் லாபம் அடைகிறார். தெரியாதவர் ஏமாறுகிறார்.

அதனால், கைக்காசைக் கொடுக்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

ராணி ரூபாய், ராஜா ரூபாய்

தமிழ்நாட்டு வீடுகளில் பெட்டியின் அடியில் அதிகமாகக் கிடைப்பது வெள்ளி ரூபாய்தான். 1835-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே மாதிரி ரூபாயை ஏற்படுத்தியது. அதன் எடை 11.66 கிராம். அதாவது ஒரு தோலா. பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு வெள்ளி. ஒரு ரூபாயில் பத்தரைக் கிராமுக்கு மேல் சுத்த வெள்ளி இருந்தது.

முதலில் நாலாம் வில்லியம் மன்னர் தலை. பிறகு விக்டோரியா ராணி தலை. 1876 வரை அவர் காசில் ‘ராணி’ என்று இருந்தது. 1877 முதல் ‘சக்கரவர்த்தினி’ என்று மாறியது. அவருக்குப் பின் ஏழாம் எட்வர்டு. இந்த மன்னர் தலையில் கிரீடம் இருக்காது. அதை வைத்தே அவர் ரூபாயைக் கண்டுபிடித்துவிடலாம். அதன் பின் ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ்.

இரண்டாவது உலகப் போர் வந்தது. வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தது. 1940-இல் ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். 1947-இல் வெள்ளியே இல்லாத நிக்கல் ரூபாய் புழங்கியது. ஒரு பக்கம் மன்னர் தலை, மறுபக்கம் புலி! சந்தையில் இந்தப் புலி ரூபாயைப் பிள்ளைகள் ஆசையாக வாங்குகிறார்கள்.

போர்க்காலத்தில் உலோகத்தை மிச்சம் பிடிக்க இன்னொரு வழியும் செய்தார்கள். காலணாவின் நடுவில் ஓட்டை போட்டார்கள்! 1943 முதல் 1947 வரை வந்த இந்த ஓட்டைக் காலணாவைக் கயிற்றில் கோத்துக் குழந்தைக்கு இடுப்பில் கட்டியவர்களும் உண்டு.

யானையா, பன்றியா?

ஒவ்வொரு காசுக்கும் ஒரு கதை உண்டு. 1911-இல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயின் கதை மிகவும் வேடிக்கையானது.

அந்த ரூபாயில் மன்னரின் அங்கி மேல் ஒரு சின்ன யானை உருவம் இருந்தது. செதுக்கியவர் துதிக்கையைக் குட்டையாகச் செதுக்கிவிட்டார். பார்த்தவர்களுக்கு அது யானையாகத் தெரியவில்லை. பன்றியாகத் தெரிந்தது! முஸ்லிம்கள் மனம் புண்பட்டது. எதிர்ப்புக் கிளம்பியது. சர்க்கார் அந்த ரூபாயை நிறுத்தியது. கையில் இருந்ததில் பெரும் பகுதியை உருக்கிவிட்டது. 1912-இல் துதிக்கையை நன்றாக நீட்டிப் புதிய ரூபாய் வெளியிட்டது.

உருக்காமல் தப்பிய ரூபாய்க்கு ‘பன்றி ரூபாய்’ என்று பெயர் வந்தது. 1911 என்று போட்ட ரூபாயைச் சேகரிப்பாளர்கள் இன்று தேடித் தேடி வாங்குகிறார்கள்.

பழசு என்றால் விலை அதிகமா?

இதுதான் பலரும் ஏமாறும் இடம். காசு எவ்வளவு பழசோ அவ்வளவு விலை என்று நினைக்கிறார்கள். அது தவறு!

ராஜராஜ சோழன் பெயர் பொறித்த செப்புக் காசு இருக்கிறது. ஆயிரம் ஆண்டு வயது. ஆனால் நிறையக் கிடைத்திருக்கிறது. ஆகையால் தேய்ந்த காசு ஒன்று சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். அதே சந்தையில், 1939 என்று போட்ட ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய்க்குப் பெருந்தொகை கேட்பார்கள். காரணம்? அந்த ஆண்டின் ரூபாய் மிகக் குறைவாகவே வெளியே வந்தது.

மாறாக, 1862 என்று போட்ட ராணி ரூபாய் எங்கும் கிடைக்கிறது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் 1862 என்றே போட்டு அச்சடித்தார்கள். அதுதான் காரணம்.

ஆகவே, விலையை முடிவு செய்பவை மூன்று. எத்தனை காசு மிஞ்சியிருக்கிறது? எவ்வளவு தேயாமல் இருக்கிறது? எத்தனை பேர் அதைத் தேடுகிறார்கள்? வயது அதற்குப் பிறகுதான்.

புளி போட்டுத் தேய்க்காதீர்கள்!

விற்கப் போகும் முன் பலர் ஒரு காரியம் செய்கிறார்கள். காசு பளபளவென்று இருந்தால் நல்ல விலை வரும் என்று எண்ணி, புளி, சாம்பல், பற்பொடி போட்டுத் தேய்க்கிறார்கள். அத்துடன் பாதி விலை போய்விடுகிறது!

பல ஆண்டு கிடந்த காசின் மேல் ஒரு கருமை படிந்திருக்கும். சேகரிப்பாளர்கள் விரும்புவது அந்தக் கருமையைத்தான். தேய்த்தால் கருமையும் போகும், எழுத்தின் கூர்மையும் போகும். நுண்ணிய கீறல்கள் விழும். பூதக்கண்ணாடியில் அவை உடனே தெரிந்துவிடும்.

காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த காசுக்கும் இதே கதிதான். அதைச் சேகரிப்பாளர் நாடுவதில்லை. அதற்கு உலோகத்தின் எடைக்கு உள்ள விலை கிடைத்தால் போதும்.

காசை விளிம்பில் பிடித்து எடுக்க வேண்டும். முகத்தில் விரல் படக்கூடாது. ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியாக வைக்க வேண்டும்.

போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

சந்தையில் போலிகளும் உலவுகின்றன. முதல் சோதனை தராசு. வெள்ளி ரூபாய் 11.66 கிராம் இருக்க வேண்டும். தேய்மானத்தால் சிறிது குறையலாம். மிகவும் குறைந்தாலோ, கூடினாலோ சந்தேகப்பட வேண்டும்.

இரண்டாவது காந்தம். வெள்ளியைக் காந்தம் இழுக்காது. ‘வெள்ளி ரூபாய்’ என்று சொல்லும் காசு காந்தத்தில் ஒட்டினால், அது வெள்ளி அல்ல.

மூன்றாவது கண். அசல் ரூபாய் அச்சில் அடித்தது. எழுத்து கூர்மையாக இருக்கும். போலிகளில் பல, அச்சுவார்ப்பில் ஊற்றியவை. அவற்றின் மேல் ஊசி முனை போன்ற சின்னக் குழிகள் தெரியும். விளிம்பைச் சுற்றி இணைப்புக் கோடு தெரியும். அரிய ஆண்டாக இருந்தால் எண்ணை உற்றுப் பார்க்க வேண்டும். சாதாரண ஆண்டின் கடைசி எண்ணைச் சுரண்டித் திருத்தும் கைவேலைக்காரர்களும் உண்டு.

ராமர் பட்டாபிஷேகம், அனுமார் உருவங்களுடன் ‘கிழக்கிந்தியக் கம்பெனி, 1616’ என்றும் ‘1818’ என்றும் போட்ட செப்புக் காசுகளைக் காட்டிச் சிலர் லட்சம் கேட்பார்கள். அப்படி ஒரு காசைக் கம்பெனி அச்சடிக்கவே இல்லை! ‘இது அரிசியை இழுக்கும், இதில் இரிடியம் இருக்கிறது’ என்பவர்களும் உண்டு. அது முழுக்க முழுக்க மோசடி. இந்த வலையில் விழுந்து வீட்டை விற்றவர்களும் இருக்கிறார்கள்.

லட்ச ரூபாய் ஆசை

இப்போது மோசடி செல்போனிலேயே வருகிறது. ‘உங்களிடம் பழைய ஐந்து ரூபாய் நோட்டு இருக்கிறதா? வைஷ்ணவி தேவி படம் போட்ட காசு இருக்கிறதா? பத்து லட்சம் தருகிறோம்!’ என்று விளம்பரம். நம்பிப் பேசினால், ‘பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்’ என்பார்கள். பிறகு ‘வரி கட்டுங்கள்’ என்பார்கள். பிறகு ‘கமிஷன்’ என்பார்கள். பணம் போகும். லட்சம் வராது!

ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும்கூடப் பயன்படுத்தி ஏமாற்றினார்கள். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே பொதுமக்களை எச்சரித்தது. இத்தகைய விவகாரங்களில் தான் ஈடுபடுவதில்லை. கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை. தன் சார்பில் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் தரவில்லை என்று அறிவித்தது.

இதில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று. காசை வாங்குபவர்தான் பணம் கொடுக்க வேண்டும். விற்பவரிடம் முன்பணம் கேட்டால், அது திருட்டு!

விற்கப் போகிறீர்களா?

பாட்டி சுருக்குப்பையில் பத்து வெள்ளி ரூபாய் வைத்துவிட்டுப் போயிருப்பார். பேரன் படிப்புக்குப் பணம் தேவை. ‘விற்றுவிடலாம்’ என்பான் மகன். ‘அம்மா ஞாபகார்த்தம், விற்கக் கூடாது’ என்பாள் மகள். பல குடும்பங்களில் நடக்கும் வாக்குவாதம் இது.

விற்பது என்று முடிவானால், நேரே உருக்குபவரிடம் போக வேண்டாம். அங்கே எல்லா ரூபாய்க்கும் எடை விலைதான். முதலில் ஆண்டுவாரியாகப் பிரிக்க வேண்டும். அன்றைய வெள்ளி விலையைக் கேட்டு, எடை மதிப்பைக் கணக்கிட வேண்டும். 1940-க்கு முந்திய ரூபாய்க்கும், பிந்திய பாதி வெள்ளி ரூபாய்க்கும் கணக்கு வேறு. இது அடிமட்ட விலை.

பிறகு கண்காட்சிக்குப் போக வேண்டும். ஒரே மேஜையில் முடிக்காமல், மூன்று நான்கு மேஜைகளில் கேட்க வேண்டும். ஒரு விஷயம். வியாபாரி நூறு ரூபாய்க்கு விற்கும் காசை நூறு ரூபாய்க்கு வாங்க மாட்டார். வாடகை, பயணச் செலவு, லாபம் எல்லாம் அவருக்கும் இருக்கின்றன. அது நியாயமே. ஆனால் நாலு பேர் சொல்லும் விலையைக் கேட்டால் நியாயவிலை எது என்று புரிந்துவிடும். வாங்குபவர்கள் ரசீது கேட்டுப் பெற வேண்டும்.

பத்தையும் விற்காமல், ஒன்றை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். பாட்டியின் கை பட்ட காசு எந்தக் கண்காட்சியிலும் மறுபடி கிடைக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

வீடு கட்டத் தோண்டும்போதோ, வயலை உழும்போதோ காசுப் பானை கிடைத்தால், அது சந்தைச் சரக்கு அல்ல. அது புதையல். 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு.

நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அத்தகைய பொருள்களை வியாபாரம் செய்வதற்கு உரிமம் வேண்டும்.

பிள்ளைகள் எப்படித் தொடங்கலாம்?

இதற்கெல்லாம் பணக்காரராக இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை! இன்று மளிகைக் கடையில் கிடைக்கும் சில்லறையே போதும்.

காசில் ஆண்டுக்குக் கீழே உற்றுப் பாருங்கள். நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத்தில் அச்சடித்தது. வைர வடிவம் இருந்தால் மும்பை. புள்ளி இருந்தால் நொய்டா. குறி எதுவும் இல்லையென்றால் கல்கத்தா. ஓர் ஆண்டின் நாலு ஊர்க் காசையும் சேர்ப்பதே நல்ல விளையாட்டு. செலவு நாலு ரூபாய்!

அடுத்த படி, பைசாக் காசு. 1957 ஏப்ரல் 1-இல் அணா போய் நயா பைசா வந்தது. நாலணா 25 நயா பைசா ஆயிற்று. 1964-இல் ‘நயா’ என்ற சொல் நீங்கியது. அதே ஆண்டில் நேரு உருவம் பொறித்த நினைவுக் காசு வந்தது. 1968-இல் தாமரைப் பூப் போட்ட மஞ்சள் நிற இருபது காசு வந்தது. இன்றும் பூஜைக்கு நூற்றெட்டு தாமரைக் காசு சேர்ப்பவர்கள் உண்டு. 2011 ஜூன் 30-உடன் இருபத்தைந்து காசும், அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் செல்லாதவை ஆயின. இவற்றில் பல, கண்காட்சியில் சொற்ப விலைக்கே கிடைக்கின்றன.

பிள்ளை ஒரு காசை வாங்கினால் ஒரு மன்னரின் பெயர் தெரியும். ஓர் ஆண்டு தெரியும். ஒரு போரின் கதை தெரியும். பாடப் புத்தகத்தில் படித்தது கையில் வந்து உட்காரும்.

அடுத்த முறை உங்கள் ஊரில் நாணயக் கண்காட்சி நடந்தால், குடும்பத்துடன் போய் வாருங்கள். பார்ப்பதற்குப் பணம் தேவையில்லை, கண் போதும். வாங்குவதற்குக் கண்ணோடு கொஞ்சம் நிதானமும் வேண்டும்!