சுவருக்குள் ஒளிந்திருந்த சிவபெருமான்



தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நம்மில் பலர் போயிருப்போம். விமானத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்திருக்கும். ஆனா, கருவறையைச் சுற்றி இருட்டா, குறுகலா ஒரு சுற்றுப்பாதை இருக்கு, தெரியுமா? அதன் சுவர்களில்தான் ராஜராஜ சோழன் காலத்து ஓவியங்கள் உள்ளன. வயது சுமார் ஆயிரம்!

பிற்காலத்தில் நாயக்கர்கள் அவற்றின் மேலேயே புதுச் சுண்ணாம்பு பூசி வேறு ஓவியங்களை வரைந்துவிட்டார்கள். அடியில் ஒன்று இருப்பதே மறந்துபோனது. 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி, மேல்பூச்சு உதிர்ந்த இடத்தில் சோழர் ஓவியத்தைக் கண்டுபிடித்தார். பிறகு தொல்லியல் துறையினர் நாயக்கர் ஓவியங்கள் சிலவற்றைக் கிழியாமல் தனியே உரித்தெடுத்துப் பலகையில் பதித்தார்கள். இப்போ இரண்டுமே பத்திரம்.

எப்படி வரைந்தார்கள்?
சுவரில் சுண்ணாம்புச் சாந்து பூசி, ஈரம் காய்வதற்குள் வரைய வேண்டும். காவி, மஞ்சள் எல்லாம் மண்ணிலிருந்து எடுத்த நிறங்கள். சாந்து காயும்போது நிறத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். தப்பா வரைந்தால் ரப்பர் வைத்து அழிக்க முடியாது!

எந்தச் சாமி என்று எப்படித் தெரியும்?
கையில் இருப்பதையும், கூட இருப்பவர்களையும் பாருங்கள். ஆலமரத்தடியில் அமர்ந்திருந்தால் தட்சிணாமூர்த்தி. தேரில் வில்லோடு நின்றால் முப்புரம் எரித்த திரிபுராந்தகர். பெரிய கோயில் ஓவியத்தில் அவருக்குத் தேர் ஓட்டுபவர் பிரம்மா. மயிலில் முருகனும், எலி மேல் பிள்ளையாரும் கூடவே போருக்கு வருகிறார்கள். சிவனுக்குக் கண்ணில் கோபம், உதட்டில் சிரிப்பு!

இனி என் கதை.
போன வருஷம் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்னாடி, எங்க ஊர்க் கோயில் மண்டபச் சுவரில் என் தேர்வு எண்ணைக் கரியால் எழுதினேன். எல்லாரும்தானே எழுதுறாங்க! இதைப் படித்த பிறகு போய்ப் பார்த்தேன். நான் வெறும் சுவர்னு நினைத்தது மங்கிப்போன ஒரு பழைய ஓவியம். என் எண் இருந்தது அம்மனின் பாதத்தின் மேல்.

ஈரத்துணியால் துடைக்கப் போனேன். குருக்கள் ஓடி வந்தார். "தொடாதேம்மா, கரியோட சேர்ந்து கலரும் வந்துடும்" என்றார்.

நான் பாஸாகிவிட்டேன். எண் இன்னும் அங்கேயே இருக்கிறது.

மார்ச் மாதம் பரீட்சை எழுதப் போகும் தம்பி, தங்கைகளே! உங்க எண்ணை ஒரு தாளில் எழுதி சாமி முன்னாடி வைங்க. சுவரை விட்டுடுங்க, ப்ளீஸ்!

– பதினொன்றாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி