அணைய மறுக்கும் மஞ்சள் விளக்கு

"அண்ணே, மீட்டர்ல ஏபிஎஸ் லைட் எரிஞ்சுகிட்டே இருக்குண்ணே. பிரேக் போயிருச்சா?"

சாலையோர மெக்கானிக் கடைகளில் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி கேட்கிறது. 125 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்கு ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏற்பாடு) கட்டாயம் என்ற விதி, புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தது. அப்போது ஷோரூமை விட்டு இறங்கிய வண்டிகள் இன்று வாரன்டி தாண்டி, இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி, மழையும் புழுதியும் பார்த்துவிட்டன. என்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடும் மெக்கானிக்கும் இந்த விளக்கின் முன்னால் சற்றுத் தயங்குகிறார்.

பிரேக் போகவில்லை என்பதுதான் பதில். லீவரை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில் ஹோஸ் வழியாகப் போய் காலிப்பர் பிஸ்டனைத் தள்ளுகிறது. பேட் டிஸ்க்கைக் கவ்வுகிறது. இதற்கு மின்சாரமே வேண்டியதில்லை. ஏபிஎஸ் முடங்கினால் அந்த வண்டி பழைய காலத்து டிஸ்க் பிரேக் வண்டியாகிவிடும், அவ்வளவுதான். ஈரத் தார்ச்சாலையிலோ மணல் சிதறிய திருப்பத்திலோ பதறிப்போய் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பாற்ற ஆள் இருக்காது. அதனால் விளக்கை அலட்சியம் செய்யவும் முடியாது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. உண்மையிலேயே பிரேக் போகும்போது பெரும்பாலும் இந்த விளக்கு வாயே திறக்காது. பேட் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசினாலும், லைனில் காற்று புகுந்து லீவர் பஞ்சுபோல் அமுங்கினாலும் அதற்குத் தெரியாது. நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான பைக்குகளில் ஆயில் குறைந்ததைச் சொல்லத் தனி விளக்கும் இல்லை. ஹேண்டில்பாரில் உள்ள ஆயில் டப்பாவின் பக்கவாட்டில் பொத்தான் அளவுக்கு ஒரு கண்ணாடி இருக்கிறதே, அதைக் குனிந்து பார்ப்பது ஒன்றே வழி.

அப்படியானால் மஞ்சள் விளக்கு எதைச் சொல்கிறது? 'சக்கரங்கள் என்ன செய்கின்றன என்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது, நான் ஒதுங்கிக்கொள்கிறேன்' என்று ஏபிஎஸ் கம்ப்யூட்டர் சொல்கிறது. ஒரு கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். மணிக்கு 60 கி.மீ. என்பது நொடிக்கு சுமார் 16.7 மீட்டர். காய்ந்த சாலையில் நல்ல டயரின் பிடிமானம் முழுவதையும் பயன்படுத்தினாலும் அந்த வேகத்திலிருந்து பைக் நிற்க ஒன்றரை நொடிக்கு மேல் ஆகும். ஆனால் சக்கரத்தின் வேகம் மட்டும் கால் நொடிக்குள் பூஜ்யமானால், பைக் நிற்கவில்லை, சக்கரம்தான் பூட்டிக்கொண்டு வழுக்குகிறது என்று பொருள். கம்ப்யூட்டர் உடனே வால்வைத் திறந்து அழுத்தத்தைத் தளர்த்தி, சக்கரம் உருண்டதும் மீண்டும் ஏற்றுகிறது. ஒரு நொடிக்குள் இது பலமுறை நடக்கும். லீவரில் படபடவென்று துடிப்பது அதுதான். இவ்வளவும் சக்கரத்தின் வேகம் சரியாகத் தெரிந்தால்தான் நடக்கும். தவறான வேகத்தை நம்பி அழுத்தத்தைத் தளர்த்துவதைவிட ஆபத்து வேறில்லை என்பதால், சின்ன சந்தேகம் வந்தாலும் ஒதுங்கிக்கொள்ளும்படியே அதை வடிவமைத்திருக்கிறார்கள்.

சக்கரம் பூட்டாமல் தடுக்கும் யோசனை பழையது. விமானச் சக்கரங்களுக்காக டன்லப் உருவாக்கிய 'மாக்ஸரெட்' என்ற இயந்திர ஏற்பாட்டை 1958இல் பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடம் ஒரு மோட்டார் சைக்கிளில் பொருத்திப் பார்த்தது. அந்த வண்டி ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியர். ஈரச் சாலையில் நிற்கும் தூரம் கணிசமாகக் குறைந்தும் கம்பெனி அதில் ஆர்வம் காட்டவில்லை. ராயல் என்ஃபீல்டு பெயர் தாங்கிய வண்டிகள் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே சென்னையில் உருவாகத் தொடங்கியிருந்தன. ஏபிஎஸ் அவற்றை வந்தடைய அறுபது ஆண்டுகள் பிடித்தன. நடுவில் 1988இல் பிஎம்டபிள்யூ தன் கே100 வரிசையில் மின்னணு ஏபிஎஸ்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த ஏற்பாடு மட்டும் சுமார் 11 கிலோ. இன்று பைக்குகளுக்கென்று வரும் அடிப்படை யூனிட் ஒரு கிலோகூட இல்லை. இந்தியக் கம்பெனிகளில் முந்திக்கொண்டது ஓசூர் டிவிஎஸ்: 2011இல் அப்பாச்சி ஆர்டிஆர் 180.

கே100 வைத்திருந்தவர்கள் அன்று கற்ற பாடம் இன்றும் செல்லும். குளிர்ந்த காலையில் பலவீனமான பேட்டரியோடு ஸ்டார்ட்டரை அழுத்தினால், மோட்டார் மின்சாரத்தை உறிஞ்சும் அந்த நேரத்தில் வோல்டேஜ் 10க்குக் கீழே சரியும். சுயபரிசோதனையில் இருக்கும் ஏபிஎஸ் அதைக் கோளாறு என்று பதிந்துகொள்ளும். அந்த வண்டியின் மீட்டரில் இருந்த இரண்டு சிவப்பு ஏபிஎஸ் விளக்குகளும் மாறி மாறிக் கண் சிமிட்டும். கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடான என்ஜினை நிறுத்தி மறுபடி கிளப்பினால் சமர்த்தாக அணைந்துவிடும். கோளாறு பேட்டரியில் இருக்க, ஏபிஎஸ் யூனிட்டை மாற்றிச் செலவு செய்தவர்கள் அந்தக் காலத்திலும் உண்டு.

எனவே முதலில் கையில் எடுக்க வேண்டியது மல்டிமீட்டர். வண்டியை ஓட்டிவிட்டு வந்த சூட்டில் அளந்தால் ஏமாற்றும். இரவு முழுக்க நின்ற வண்டியில் பார்க்க வேண்டும். நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அருகே காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. ஒருவர் செல்ஃப் பொத்தானை அழுத்த, இன்னொருவர் மல்டிமீட்டரைப் பார்க்கட்டும்: 10க்குக் கீழே போகக் கூடாது. என்ஜின் ஓடும்போது 13.5க்கும் 14.5க்கும் நடுவில் நிற்க வேண்டும். எண்கள் சரியாக இருந்தால் டெர்மினல் போல்ட்டை ஆட்டிப் பாருங்கள். அரைத் திருகு தளர்ந்திருப்பதும், பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருப்பதும் சர்வ சாதாரணம். போதாக்குறைக்கு ஃபாக் லேம்ப், மொபைல் சார்ஜர் என்று கண்ட ஒயரை வெட்டி இழுத்த இணைப்புகள் வேறு. ஏபிஎஸ்ஸுக்கென்று இருக்கும் ஃபியூஸ்களையும் அப்போதே பார்த்துவிடலாம்.

அடுத்த சந்தேகம் சக்கரத்தின் மேல். இங்கே மெக்கானிக் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, "கடைசியா எப்ப தம்பி வீலைக் கழட்டினீங்க?" டியூப் டயர் வண்டி பஞ்சரானால் சக்கரம் கழற்றப்படும். அதன் குடத்தருகே துளைகளோ பற்களோ வரிசையாக வெட்டிய ஒரு மெல்லிய வளையம் சுழல்கிறது. அதை ஒட்டி அசையாமல் நிற்கிறது விரல் நுனி அளவு சென்சார். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது காந்தப்புலம் மாறுகிறது; அந்த மாற்றத்தை எண்ணித்தான் வேகம் கணக்கிடப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய இடைவெளிதான் இருக்கும். பழைய கே100இல் அது அரை மில்லிமீட்டர். கடப்பாரையை வைத்து டயரை நெம்பும்போது வளையம் லேசாக வளைந்தாலோ, ஸ்பேசர் இடம் மாறினாலோ, மாட்டும்போது சென்சார் ஒயர் நசுங்கினாலோ கதை முடிந்தது. வீல் பேரிங் தேய்ந்து சக்கரம் ஆடினாலும் இடைவெளி கூடிக் குறையும். பிரேக் பேடிலிருந்து உதிரும் இரும்புத்தூள் காந்தமுள்ள சென்சாரின் முகத்தில் மீசைபோல் ஒட்டிக்கொள்வதும் உண்டு. அதற்கு மருந்து ஒரு துணியும் கொஞ்சம் பொறுமையும்தான்.

சென்சாரை ஓம்ஸில் வைத்து அளந்து 'செத்துவிட்டது' என்று தீர்ப்பெழுதுவது பழைய பழக்கம். வெறும் காந்தமும் கம்பிச்சுருளுமாக இருந்த கே100 காலத்து சென்சாருக்கு அது பொருந்தும். இப்போதைய வண்டிகளில் பெரும்பாலும் உள்ளே ஒரு சிறு மின்னணுச் சில்லு இருக்கிறது. அதற்கு இந்த அளவு எதையும் சொல்லாது. ஸ்கேனரை மாட்டி, சக்கரத்தைக் கையால் சுற்றி, திரையில் வேகம் வருகிறதா என்று பார்ப்பதே சரி. ஸ்கேனரும் தெய்வவாக்கு சொல்லாது. 'முன் சக்கர சென்சார்' என்று அது காட்டினால் பழுது சென்சாரில், ஒயரில், கப்ளரில், வளையத்தில், பேரிங்கில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். வாட்டர் வாஷ் முடிந்த மறுநாள் விளக்கு எரிந்தால் கப்ளரைப் பிரித்து ஈரம் துடைப்பதிலிருந்து தொடங்கலாம்.

கோளாறே இல்லாமலும் விளக்கு எரியும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, கியரில் பின் சக்கரத்தைச் சுழலவிட்டு செயினுக்கு ஆயில் அடிக்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பின் சக்கரம் ஓடுகிறது, முன் சக்கரம் நிற்கிறது. கம்ப்யூட்டருக்கு அது நடக்கவே முடியாத காரியம். சாவியை அணைத்துப் போட்டு ஓட்டினால் சரியாகிவிடும். பின்புற ஏபிஎஸ்ஸை அணைக்கும் வசதியுள்ள ஹிமாலயன் போன்ற வண்டிகளில், முந்தைய ஓட்டுநர் அணைத்து வைத்ததை ஏபிஎஸ் விளக்குதான் தெரிவிக்கும். அதைக் கோளாறு என்று நினைத்துப் பிரிக்கத் தொடங்கினால் ஒரு நாள் வேலை வீண். கே100இல் இன்னொரு கூத்து: பல்பு ஃபியூஸானதைச் சொல்ல ஒரு எச்சரிக்கை விளக்கு உண்டு. பின்னால் 21 வாட் பிரேக் பல்பைக் கழற்றி எல்இடி மாட்டினால் 1.75 ஆம்பியர் ஓட வேண்டிய இடத்தில் அதில் சிறு பங்குதான் ஓடும். பல்பு பளிச்சென்று எரியும்போதே 'பல்பு போச்சு' என்று அது புலம்பும்.

பேட்டரி, ஒயர், சக்கரம் மூன்றும் தேறிய பிறகுதான் விலை கூடிய ஏபிஎஸ் யூனிட்டைச் சந்தேகிக்க வேண்டும். அதை மெல்லக் கொல்வது பெரும்பாலும் பழைய ஆயில். டாட் 4 ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில் கொதிக்க வேண்டும் என்பது விதி, 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரி தாங்கினாலே போதும் என்று அதே விதி இறங்கிவிடுகிறது. அந்த நீர் யூனிட்டுக்குள் இருக்கும் நுண்ணிய வால்வுகளையும் அரிக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். மாற்றும்போது டப்பா வறண்டு யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால், அதை வெளியேற்ற ஸ்கேனர் வைத்துப் பம்ப்பை ஓட்டும்படி ஆகிவிடும்.

செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு மட்டும் கணக்கு தலைகீழ். சாவியைத் திருப்பியதும் ஏபிஎஸ் விளக்கு எரிய வேண்டும். வண்டி உருண்டு சிறிது வேகம் பிடித்ததும் அணைய வேண்டும். சாவி போட்டும் அது எரியவே இல்லை என்றால், விலை பேசுவதற்கு முன்னால் மீட்டருக்குப் பின்னால் யார் கை வைத்தார்கள் என்று கேட்பது நல்லது.