தொலைகாட்டியின் முதல் பாடம் பகலில்: நெடுந்தீவு வளவிலிருந்து வானம் பார்த்தல்

எனது தலைமுறைக்கு இரவில் அண்ணாந்து பார்ப்பது பழக்கமான காரியமல்ல. வானத்தில் வெளிச்சம் என்றால் பரா வெளிச்சம். இரைச்சல் என்றால் வேவு பார்க்கும் ‘வண்டு’. இரண்டுக்கும் பதுங்குகுழிக்கு ஓடினோம். எங்கள் பிள்ளைகளாவது அதே வானத்தைப் பயமின்றிப் பார்க்கவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் பயணம் நெடுந்தீவு. நகர வெளிச்சம் தூரத்தில். பவளக்கல் அடுக்கிய மதிலின் மறைவில் முக்காலியை வைத்தால் காற்றின் அசைவும் குறையும்.

வெளிநாட்டு உறவுகள் அனுப்பிய தொலைகாட்டி அலுமாரிக்கு மேல் தூசிபடிந்து கிடப்பதைச் சில வீடுகளில் கண்டிருக்கிறேன். “ஒண்டும் தெரியேல்லை” என்பார்கள். பெரும்பாலும் பிழை பெரிய குழாயில் இல்லை. அதன் முதுகிலுள்ள சின்னக் குழாயில். கடைக்காரர் ஃபைண்டர் என்று சொல்லும் அதை நாம் தேடுகுழாய் எனலாம். 700 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள தொலைகாட்டியில் 10 மில்லிமீற்றர் பார்வைத்துண்டைப் போட்டால் 70 மடங்கு பெரிதாகும். ஆனால் தெரியும் வானம் ஒரு நிலாவைவிடச் சற்றே அகலம். தேடுகுழாயிலோ பத்து நிலாக்கள் அடங்கும். இரண்டும் ஒரே இடத்தைப் பார்க்காவிட்டால் எதுவும் அகப்படாது.

இதைப் பகலிலேயே சரிசெய்யுங்கள். முதலில் 25 மில்லிமீற்றர் பார்வைத்துண்டைப் போடுங்கள். 28 மடங்கு போதும். அரைக் கிலோமீற்றருக்கு அப்பால் அசையாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பனை வட்டு காற்றில் ஆடும். குடாநாட்டில் ஷெல்லடியில் தலைபோன பனை இருந்தால், அதன் நுனி ஆடாது. அதைப் பெரிய குழாயின் நடுவில் நிறுத்துங்கள். பிறகு குழாயை அசைக்காமல், தேடுகுழாயின் திருகாணிகளை மட்டும் திருப்பி, குறுக்குக் கோடுகளை அதே நுனிக்குக் கொண்டுவாருங்கள். படம் தலைகீழாகத் தெரிந்தால் பழுது என்று நினைக்கவேண்டாம்.

சூரியன் பக்கம் மட்டும் திருப்பவேண்டாம். தேடுகுழாயும் கண்ணைப் பறித்துவிடும். போர் முடிந்து எட்டு மாதம்கூட ஆகாத 2010 ஜனவரி 15இலும், 2019 டிசம்பர் 26இலும் வடக்கில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. அப்படியான நாட்களில் குழாயின் முன்வாயை மூடும் உரிய சூரிய வடிகட்டி கட்டாயம்.

இரவில் பிரகாசமான வெள்ளி ஒன்றில் மீண்டும் சரிபாருங்கள். முதலில் அரைநிலா: நிழல் விழும் ஓரத்தில் பள்ளங்கள் துலங்கும். அடுத்து வியாழன்: 1610இல் கலிலியோ கண்ட நான்கு நிலாக்களும் ஒரு வரிசையில் புள்ளிகளாகத் தெரியும், சில இரவுகளில் ஒன்றிரண்டு மறைந்திருக்கும். வேலை முடிந்ததும் வில்லையைச் சாரத்தால் துடைக்கவேண்டாம், உப்புத்தூள் கீறிவிடும்.

வடகரையில் நின்று கையை நீட்டி முட்டியை மடக்குங்கள். கடல்விளிம்பிலிருந்து ஏறக்குறைய அந்த ஒரு முட்டி உயரத்தில் துருவ நட்சத்திரம். கடலுக்குப் போய்வந்த பெரியவர்களையும் அருகில் கூப்பிடுங்கள். குழாய் இல்லாமலே வடக்கைக் கண்டு கரைசேர்ந்தவர்கள் அவர்கள். பிள்ளைகளுக்குச் சொல்ல அவர்களிடம் நிறைய இருக்கிறது.