உந்துவிசைத் திருப்பி

உந்துவிசைத் திருப்பி என்பது, ஜெட் விமானம் தரையிறங்கிய பின் அதன் என்ஜினிலிருந்து பின்னோக்கிப் பாயும் காற்றை முன்பக்கமாகத் திருப்பிவிட்டு, விமானத்தின் வேகத்தைக் குறைக்க உதவும் அமைப்பாகும். விமானத் துறையில் இதைத் திரஸ்ட் ரிவர்சர் என்றே வழங்குகின்றனர். சக்கரங்கள் ஓடுபாதையைத் தொட்ட ஓரிரு நொடிகளில் திடீரென எழும் பேரிரைச்சல் இதனால் ஏற்படுவதே. அப்போது சன்னல் வழியாகப் பார்த்தால், என்ஜின் உறையின் பின்பாதி சற்றுப் பின்னால் நகர்ந்து இடைவெளி தெரிவதைக் காணலாம்.

விமானத்தை நிறுத்துவது இதுதான் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் பெரும்பகுதி வேலையைச் செய்பவை சக்கர பிரேக்குகளே. உந்துவிசைத் திருப்பி ஒரு துணைவன். ஆனால் ஓடுபாதை மழையில் நனைந்திருக்கும் நாளில் அந்தத் துணையின் மதிப்பு பல மடங்கு உயர்கிறது. மேலும், அதை ஒருமுறை இயக்கிவிட்டால் விமானி அந்தத் தரையிறக்கத்தை முடித்தே ஆக வேண்டும். இந்த விதி மீறப்பட்டபோது என்ன நேரும் என்பதற்கு இந்தியாவிலேயே துயரமான சான்று உண்டு.

நிறுத்த வேண்டிய ஆற்றல் எவ்வளவு?

நம் நாட்டில் பரவலாகப் பறக்கும் போயிங் 737-800 விமானத்தை எடுத்துக்கொள்வோம். தரையிறங்கும்போது அதன் எடை 65,000 கிலோகிராம் என்றும், வேகம் நொடிக்கு 72 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டர் என்றும் கொள்வோம். இயக்க ஆற்றல் என்பது நிறையின் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கிடைப்பது. அதன்படி இவ்விமானத்தின் இயக்க ஆற்றல் சுமார் 16.8 கோடி ஜூல்.

திருவண்ணாமலையிலிருந்து சென்னைக்குச் செல்லும் பேருந்து ஒன்று பயணிகளுடன் 15 டன் எடை கொண்டது, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்றால், அதன் இயக்க ஆற்றல் சுமார் 21 லட்சம் ஜூல். அதாவது, ஏறத்தாழ 80 பேருந்துகளை ஒரே நேரத்தில் நிறுத்துவதற்கு ஈடான வேலையை ஒரு விமானம் அரை நிமிடத்துக்குள் செய்து முடிக்க வேண்டும்.

இக்கணக்கில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இரண்டு செய்திகள் உள்ளன. முதலாவது, வேகம் பாதியாகக் குறைந்தால் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆகவே நொடிக்கு 72 மீட்டரிலிருந்து 36 மீட்டராகக் குறையும் முதல் கட்டத்திலேயே முக்கால் பங்கு ஆற்றல் அகற்றப்படுகிறது. இரண்டாவது, தரையைத் தொட்ட பின் வீணாகும் ஒவ்வொரு நொடிக்கும் 72 மீட்டர் ஓடுபாதை கைவிட்டுப் போகிறது.

வேகத்தைக் குறைக்கும் மூன்று வழிகள்

தரையைத் தொட்டதும் முதலில் இறக்கையின் மேற்பரப்பில் உள்ள ஸ்பாய்லர் தகடுகள் நிமிர்ந்து நிற்கின்றன. இவை காற்றைத் தடுப்பதோடு, இறக்கையின் தூக்கு விசையையும் குலைத்துவிடுகின்றன. அதனால் விமானத்தின் முழு எடையும் சக்கரங்களின் மேல் இறங்குகிறது. எடை இறங்கினால்தான் டயருக்கும் தரைக்கும் இடையே உராய்வு கிடைக்கும். இறக்கை இன்னும் தூக்கிப் பிடித்திருந்தால், எவ்வளவு அழுத்தமாக பிரேக் பிடித்தாலும் பயன் குறைவு.

அடுத்தது சக்கர பிரேக். ஒன்றோடொன்று அழுந்தும் பல தகடுகளால் ஆன இது, இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றுகிறது. மூன்றாவதாக வருவது உந்துவிசைத் திருப்பி. இதன் தனிச்சிறப்பு, டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிப்பை இது நம்பியிருக்கவில்லை என்பதே. தரை ஈரமோ வழுக்கலோ எதுவானாலும், காற்றைத் தள்ளும் விசை மாறுவதில்லை.

எப்படி வேலை செய்கிறது?

என்ஜின் எதிர்த்திசையில் சுழலும் என்பது தவறான கருத்து. என்ஜின் எப்போதும் போலவே ஒரே திசையில்தான் சுழல்கிறது. வெளியேறும் காற்றின் பாதை மட்டுமே மாற்றப்படுகிறது.

இதன் அடிப்படை நியூட்டனின் மூன்றாம் விதி. காற்று பின்னோக்கித் தள்ளப்படும்போது விமானம் முன்னோக்கி உந்தப்படுகிறது. அதே காற்றை முன்பக்கமாகச் சாய்த்துத் தள்ளினால் விமானத்தின் மீது பின்னோக்கிய விசை செயல்படுகிறது. சுவரைத் தள்ளினால் நாம் பின்னுக்குப் போவது போலத்தான்.

இன்றைய பயணிகள் விமான என்ஜின்களின் முகப்பில் பெரிய விசிறி ஒன்று உண்டு. அது இழுக்கும் காற்றில் ஒரு சிறு பங்கு மட்டுமே உள்ளே சென்று எரிபொருளோடு எரிகிறது. பெரும்பங்கு, எரியாமல் உள்பகுதியைச் சுற்றியுள்ள வளையப் பாதை வழியாக வெளியேறுகிறது. போயிங் 737-800 என்ஜினில் உள்ளே செல்லும் காற்றைப் போல் ஏறத்தாழ 5 மடங்கு இப்படிச் சுற்றிச் செல்கிறது. ஏர்பஸ் ஏ320 நியோவின் புதிய என்ஜின்களில் இது 11 மடங்கு அளவுக்கு உள்ளது.

திருப்பப்படுவது இந்தக் குளிர்ந்த காற்று மட்டுமே. விமானி நெம்புகோலை இழுத்ததும் என்ஜின் உறையின் பின்பகுதி பின்னோக்கி நகர்கிறது. அதே நேரத்தில் வளையப் பாதையின் உள்ளே சிறு கதவுகள் மடிந்து வழியை அடைக்கின்றன. பின்னால் போக முடியாத காற்று, உறை விலகிய இடத்தில் உள்ள வளைந்த தகடுகளின் இடுக்குகள் வழியாக முன்பக்கம் சாய்ந்து பீறிடுகிறது. சூடான வாயு வழக்கம்போல் பின்னாலேயே செல்கிறது.

காற்று நேர் முன்னே செல்லாமல் சாய்வாகவே செல்வதாலும், சூடான வாயு இன்னும் முன்னோக்கியே உந்துவதாலும், கிடைக்கும் எதிர்விசை என்ஜினின் முழு உந்துவிசையில் பாதிக்கும் குறைவே.

வேறு வகைகளும் உள்ளன. பழைய போயிங் 737-200 விமானங்களில் என்ஜினின் பின்முனையில் இரண்டு வளைந்த கதவுகள் சிப்பிபோல் மூடிக்கொண்டு, சூடான வாயு உட்பட எல்லாவற்றையும் திருப்பிவிடும். ஏர்பஸ் ஏ320 விமானங்களில் ஒருசாராரின் என்ஜின்களில், உறையின் பக்கங்களில் நான்கு கதவுகள் இதழ்போல் விரியும். நான்கு என்ஜின்கள் கொண்ட ஏ380 விமானத்தில் உட்புற என்ஜின்கள் இரண்டில் மட்டுமே இவ்வமைப்பு உண்டு. வெளிப்புற என்ஜின்கள் ஓடுபாதையின் ஓரத்துக்கு நேராக இருப்பதால், அங்கே காற்றைத் திருப்பினால் மண்ணும் கல்லும் கிளம்பும்.

ஏடிஆர் 72 போன்ற புரொப்பெல்லர் விமானங்களில் இந்த உறையும் கதவும் இல்லை. அவற்றில் புரொப்பெல்லர் இதழ்களின் சாய்வுக் கோணமே மாற்றப்பட்டு, காற்று முன்னோக்கித் தள்ளப்படுகிறது.

வேகமாக இருக்கும்போதே பயன்

என்ஜினுக்குள் நுழையும் காற்று, விமானத்தின் வேகத்தோடு எதிரே வந்து மோதுவது போன்றது. அக்காற்றைப் பிடித்து முன்னோக்கித் திருப்பும்போது அதன் உந்தம் பெரிய அளவில் மாறுகிறது. உந்த மாற்றம் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பெரிது எதிர்விசை. ஆகவே விமானம் வேகமாக ஓடும் தொடக்க நொடிகளில்தான் இது மிகவும் பயன்படுகிறது. சக்கரங்களில் எடை முழுமையாக இறங்காத, பிரேக் வலுவிழந்திருக்கும் நேரமும் அதுவே என்பது குறிப்பிடத்தக்கது.

வேகம் மணிக்குச் சுமார் 110 கிலோமீட்டராகக் குறைந்ததும் விமானிகள் எதிர்விசையைக் குறைக்கத் தொடங்குகின்றனர். அதற்குக் கீழே, முன்னோக்கி வீசப்பட்ட காற்றையும் தூசியையும் கற்களையும் என்ஜினே மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

ஈர ஓடுபாதையும் கோழிக்கோடு விபத்தும்

உலர்ந்த ஓடுபாதையில் விமானிகள் பெரும்பாலும் தானியங்கி பிரேக்கைப் பயன்படுத்துகின்றனர். அது, முன்கூட்டியே குறிக்கப்பட்ட அளவில் வேகம் குறையும்படி தானே அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். அப்போது எதிர்விசையும் சேர்ந்தால், தானியங்கி பிரேக் தன் அழுத்தத்தை அந்த அளவுக்குத் தளர்த்திக்கொள்கிறது. ஆகவே நிற்கும் தூரம் ஏறத்தாழ அதேதான். பிரேக் சூடாவதும் தேய்வதும் மட்டும் குறைகின்றன.

மழையில் கதை வேறு. டயருக்கும் தரைக்கும் இடையே நீர் புகுந்தால் பிரேக் எவ்வளவு முயன்றாலும் குறித்த அளவை எட்ட முடியாது. அப்போது உந்துவிசைத் திருப்பி தரும் ஒவ்வொரு பங்கு விசையும் தூரத்தை நேரடியாகக் குறைக்கிறது. எனினும் அது மாயக்கோல் அல்ல.

2020 ஆகஸ்ட் 7 அன்று துபாயிலிருந்து கோழிக்கோடு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 1344 விமானம் இதற்குச் சான்று. மழை பெய்துகொண்டிருந்த அந்த இரவில், பின்னாலிருந்து காற்று வீச, 737-800 விமானம் 2,700 மீட்டர் ஓடுபாதையில் ஏறத்தாழ பாதி தூரம் கடந்த பிறகே தரையைத் தொட்டது. மீதமிருந்த சுமார் 1,350 மீட்டரில் நிற்க முடியாமல், மேட்டுநில ஓடுபாதையின் விளிம்பைத் தாண்டிச் சரிவில் விழுந்து உடைந்தது. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் இறந்தனர். தொடக்கத்திலேயே இழந்துவிட்ட தூரத்தை எந்த பிரேக்காலும் எந்தத் திருப்பியாலும் மீட்க முடிவதில்லை.

இழுத்த பின் திரும்பக் கூடாது: மங்களூர் 2010

2010 மே 22 காலையில் துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812 விமானத்தில் 166 பேர் இருந்தனர். அங்கும் மேட்டுநில ஓடுபாதைதான். நீளம் 2,450 மீட்டர். விமானம் மிக உயரமாக வந்து, தொடக்கத்திலிருந்து சுமார் 1,585 மீட்டர் தாண்டித் தரையைத் தொட்டது. தலைமை விமானி உந்துவிசைத் திருப்பியை இயக்கினார், பிரேக்கும் பிடித்தார். ஆனால் சில நொடிகளிலேயே மனம் மாறி, மீண்டும் மேலெழும்ப முயன்றார். விமானம் எழவில்லை. ஓடுபாதைக்கு அப்பால் இருந்த வழிகாட்டிக் கருவியின் கான்கிரீட் அமைப்பில் வலது இறக்கை மோத, விமானம் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 158 பேர் இறந்தனர். 8 பேர் மட்டுமே உயிர் பிழைத்தனர்.

ஏர் மார்ஷல் பி. என். கோகலே தலைமையிலான விசாரணை மன்றம், அந்நிலையிலும் முழு எதிர்விசையையும் முழு பிரேக்கையும் விடாது பயன்படுத்தியிருந்தால் விமானம் ஓடுபாதைக்குள்ளேயே நின்றிருக்கும் என்று கண்டறிந்தது.

உந்துவிசைத் திருப்பியை இயக்கிய பின் விமானத்தை நிறுத்தியே தீர வேண்டும் என்பது போயிங் நிறுவனத்தின் தெளிவான அறிவுறுத்தல். காரணம் எளிது. விரிந்த உறைகள் மீண்டும் மூடிக்கொள்ளச் சில நொடிகள் வேண்டும். அதன் பின் என்ஜின் முழு வேகம் பெற மேலும் சில நொடிகள். நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் 6 நொடி காத்திருந்தால் 360 மீட்டர் போய்விடும். அதற்குள் ஒரு பக்க உறை மூடி, மறுபக்கம் மூடாமல் சிக்கிக்கொண்டால் விமானம் ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். மேலே செல்லும் முடிவை எடுக்க வேண்டிய நேரம், நெம்புகோலை இழுப்பதற்கு முன்புதான்.

வானில் திறந்துகொண்டால்?

தரையில் துணைவனாக இருப்பது வானில் எமனாகிவிடும். 1991 மே 26 அன்று பாங்காக்கிலிருந்து வியன்னாவுக்குப் புறப்பட்ட லாவ்டா ஏர் 004 விமானத்தில், மேலேறிக்கொண்டிருந்தபோதே இடது என்ஜினின் திருப்பி தானாக விரிந்தது. போயிங் 767 விமானம் கட்டுப்பாட்டை இழந்து சிதறியது. அதிலிருந்த 223 பேரும் இறந்தனர். அதன் பிறகு, ஏற்கெனவே இருந்தவற்றோடு கூடுதல் பூட்டுகள் சேர்க்கப்பட்டன.

இன்றைய விமானங்களில் சக்கரங்கள் தரையில் பதிந்துள்ளனவா என்று உணரும் கருவிகள் உறுதி செய்த பிறகே திருப்பி விரியும். 737-800 இல், விமானம் தரையிலிருந்து 10 அடிக்கும் கீழே வந்திருந்தாலும் அது விரிய அனுமதிக்கப்படும். முன்னோக்கிய உந்துவிசைக்கான நெம்புகோல் கடைசிக் கீழ்நிலைக்கு வந்தாலன்றி, எதிர்விசைக்கான நெம்புகோலை இழுக்கவே முடியாது.

இல்லாமல் தரையிறங்க முடியுமா?

முடியும். உலர்ந்த ஓடுபாதையில் ஒரு விமானம் நிற்கத் தேவையான தூரத்தைச் சான்றளிப்பதற்காகக் கணக்கிடும்போது, உந்துவிசைத் திருப்பியின் உதவி சேர்க்கப்படுவதில்லை. ஸ்பாய்லரும் பிரேக்கும் மட்டுமே கணக்கில் வரும். ஒரு பக்கத் திருப்பி பழுதாகியிருந்தால், அதைப் பூட்டி வைத்துவிட்டு, குறிப்பிட்ட கட்டுப்பாடுகளுடன் விமானத்தை இயக்கவும் விதிகள் இடம் தருகின்றன.

சென்னையின் முதன்மை ஓடுபாதை சுமார் 3,660 மீட்டர் நீளமுடையது. அங்கே உலர்ந்த நாளில் இறங்கும் சிறிய ஜெட் விமானம், உறைகளைத் திறந்துவைத்து என்ஜினைக் குறைந்த வேகத்திலேயே ஓடவிடுவது போதும். இதனால் எரிபொருளும் மிச்சம், சத்தமும் குறைவு. இரவில் முழு எதிர்விசையைத் தவிர்க்குமாறு உலகின் பல விமான நிலையங்கள் கேட்டுக்கொள்வதும் சத்தத்தின் காரணமாகவே. சுமார் 2,290 மீட்டர் நீளமுள்ள மதுரை ஓடுபாதையில் கனமழையின்போது இறங்கும் விமானிக்கு அந்த வசதி குறைவு. முழு எதிர்விசையை அவர் தயக்கமின்றிப் பயன்படுத்துவார். எனவே பயணிகள் கேட்கும் இரைச்சல் ஒரு நாள் மெலிதாகவும் ஒரு நாள் பலமாகவும் இருப்பது பழுதின் அறிகுறி அன்று. அது அன்றைய ஓடுபாதையையும் வானிலையையும் பார்த்து விமானி எடுத்த முடிவின் ஒலி.