நலத்தை எந்தக் கோலால் அளப்பது?

தனிநபர் வருமானம் உயர்ந்தால் மட்டும் மக்கள் நன்றாக வாழ்கிறார்கள் என்று பொருளல்ல. இதைப் பொருளியல் வகுப்பில் பல்லாண்டுகள் கற்பித்திருக்கிறேன். மருத்துவத்திலும் இதே சிக்கல் உண்டு. மனச்சிதைவு நோயாளியின் காதில் ஒலிக்கும் குரல்கள் மருந்தால் அடங்கலாம். அதனாலேயே அவர் நலமாக வாழ்கிறார் என்று கூறிவிட முடியுமா?

இக்கேள்விக்கு விடை காணவே வாழ்க்கைத் தர அளவுகோல்கள் உருவாயின. 1984-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் அளவுகோல், 21 கூறுகளைக் கொண்டு நோயாளியின் வாழ்வை மதிப்பிடுகிறது. பணப்பை, சாவி, கைக்கடிகாரம், ஓட்டுநர் உரிமம் போன்ற அன்றாடப் பொருள்களை அவர் வைத்திருக்கிறாரா என்பதும் அவற்றுள் ஒன்று. எங்கள் புளியங்குடியில் எலுமிச்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குச் செல்பவரை எண்ணிப் பாருங்கள். தாயார் எப்போதும் வீட்டில் இருக்கையில் அவருக்குச் சாவி எதற்கு? அவரது மதிப்பெண்ணைக் குறைப்பது நோயா, ஊர் வழக்கமா?

இக்குறையை உணர்ந்த உலக சுகாதார நிறுவனம், 1990-களில் சென்னை, தில்லி உள்ளிட்ட 15 மையங்களில் ஒரே வேளையில் பொது அளவுகோல் ஒன்றை உருவாக்கியது. அதன் 26 வினாக்கள் கொண்ட சுருக்க வடிவம் இன்று பரவலாகப் பயன்படுகிறது. அதில் மதிப்பிடுபவர் மருத்துவர் அல்லர். தம் வாழ்வு எப்படி என்பதை அவரவரே சொல்ல வேண்டும்.

ஆனால், மனநிறைவை மட்டும் கேட்பதிலும் இடர் உண்டு. நெடுங்காலம் இல்லாமையில் உழல்பவர்கள் தம் எதிர்பார்ப்புகளையே சுருக்கிக்கொள்வார்கள் என்று அமர்த்திய சென் எச்சரித்தார். மணமுறிவுக்கு ஆளான மனச்சிதைவு நோயுற்ற பெண்களைப் பற்றிச் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு 2003-இல் வெளியானது. நோயினால் வரும் இழிவைவிட, கணவனைப் பிரிந்தவள் என்ற இழிவே அவர்களையும் குடும்பத்தினரையும் பெரும்பாலும் அதிகம் வாட்டியது என அது கண்டறிந்தது. 'குறையொன்றுமில்லை' என்று அத்தகைய பெண்ணொருத்தி சொன்னால், அது நிறைவா, பழகிப்போன துயரா?

எனவே, அவர் என்ன உணர்கிறார் என்பதோடு, என்ன செய்ய முடிகிறது, எதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு இருக்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும். மனநோயால் வரும் இயலாமையை மதிப்பிட 2002-இல் அரசு ஏற்ற இந்திய அளவுகோல் ஒரு நல்ல முன்மாதிரி. நாட்டு வருமானக் கணக்கில் இடம்பெறாத வீட்டுப் பணியையும் அது வேலையாகவே கருதுகிறது. இதில் 40 விழுக்காடு என்ற எல்லையே ஒருவருக்குச் சலுகைகள் கிடைக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே, வினாக்களை வகுப்போர் நோயாளிகளையும் அருகே அமர்த்திக்கொள்வதே முறை.