இளையோர் தேசியக் கால்பந்து அணிகளை ஒப்பிடுதல்: பாக் நீரிணையின் இரு கரைகள்

இளையோர் தேசிய அணி ஒப்பீடு என்பது, அண்டை நாடுகளின் 15 முதல் 20 வயது வரையிலான கால்பந்து வீரர்களில் எந்த நாட்டின் தலைமுறை திறன் மிக்கது என்று மதிப்பிடும் முயற்சியாகும். விளையாட்டு இதழ்களும் பயிற்சியாளர்களும் ரசிகர்களும் இதைத் தொடர்ந்து செய்து வருகின்றனர். பெரும்பாலும் யார் எத்தனை கோப்பை வென்றார்கள் என்ற கணக்கே விடையாகத் தரப்படுகிறது. அந்தக் கணக்கு உண்மையானதுதான். ஆனால் அது திறனின் ஒரு சிறு பகுதியை மட்டுமே காட்டுகிறது.

இதை விளங்கிக்கொள்ள இராமநாதபுரம் கடற்கரை நல்ல எடுத்துக்காட்டாகும். இராமேசுவரம் தீவின் தனுஷ்கோடிக்கும் மன்னார் தீவின் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கி.மீ. கடலே உள்ளது. 1914 முதல் 1964 டிசம்பர்ப் புயல் வரை இரு கரைகளுக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடியது. இரு பக்கமும் தமிழ் பேசும் மீனவர் குடும்பங்கள் வாழ்கின்றன. எனினும் ஒரு கரையில் பிறக்கும் சிறுவன் இந்திய இளையோர் அணிக்கும், மறுகரையில் பிறக்கும் சிறுவன் இலங்கை இளையோர் அணிக்கும் உரியவனாகக் கணக்கிடப்படுகிறான். இந்தக் கணக்கில் சேராத சிறுவர்களும் இக்கரையில் உள்ளனர்.

கோப்பைக் கணக்கு

தெற்காசியக் கால்பந்துக் கூட்டமைப்பு (சாஃப்) 2011-ஆம் ஆண்டு முதல் சிறுவர்களுக்கான வயதுப் பிரிவுப் போட்டியை நடத்தி வருகிறது. ஆண்டுக்கு ஏற்ப அது 15, 16 அல்லது 17 வயதுக்குட்பட்டோர் போட்டியாக நடந்துள்ளது. வென்ற அணிகள் பின்வருமாறு:

2011 – பாகிஸ்தான்
2013, 2017, 2019 – இந்தியா
2015, 2018 – வங்கதேசம்
2022, 2023, 2024, 2025 – இந்தியா

2022, 2025 ஆகிய ஆண்டுகளின் போட்டிகள் கொழும்பில் நடந்தன. சொந்த மண்ணிலும் இலங்கைச் சிறுவர் அணியால் கோப்பையை எட்ட முடியவில்லை. இதை மட்டும் பார்த்தால் ஒப்பீடு இங்கேயே முடிந்துவிடும். ஆனால் இந்தியாவின் மக்கள்தொகை சுமார் 140 கோடி. இலங்கையின் மக்கள்தொகை சுமார் 2.2 கோடி. எனவே கேட்க வேண்டிய கேள்வி 'யார் வென்றார்கள்' என்பது மட்டுமல்ல. 'வென்ற சிறுவர்கள் பின்னர் என்ன ஆனார்கள்' என்பதும் ஆகும்.

மூத்தோர் ஆட்டங்கள் வேறு கதை சொல்கின்றன. 1995-இல் கொழும்பில் நடந்த தெற்காசியத் தங்கக் கோப்பை இறுதிப் போட்டியில், கூடுதல் நேரத்தில் அடித்த தங்க கோல் மூலம் இலங்கை 1–0 என இந்தியாவை வென்றது. 2025 நவம்பரில் டாக்காவில் நடந்த ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் வங்கதேசம் 1–0 என இந்தியாவை வென்றது. சிறுவர் போட்டிகளில் தொடர்ந்து முன்னிற்கும் நாடு, மூத்தோர் நிலையிலும் அதே இடைவெளியில் முன்னிற்கும் என்பதற்கு உறுதி இல்லை.

ஓர் ஆட்டம் எவ்வளவு சொல்லும்?

2022-இல் கொழும்பில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் போட்டியின் பிரிவு ஆட்டத்தில் இந்தியா நேபாளத்திடம் 1–3 எனத் தோற்றது. சில நாட்களுக்குள் நடந்த இறுதிப் போட்டியில் அதே நேபாளத்தை 4–0 என வென்றது. இடையில் இரு நாடுகளின் திறன் மாறிவிடவில்லை. பதின்ம வயதினரின் ஆட்டம் ஒரு நாளைப் போல மறுநாள் இருப்பதில்லை.

மகளிர் பிரிவில் இதைவிடத் தெளிவான சான்று உண்டு. 2024 பிப்ரவரியில் டாக்காவில் நடந்த 19 வயதுக்குட்பட்டோர் மகளிர் இறுதிப் போட்டியில் இந்தியாவும் வங்கதேசமும் 1–1 எனச் சமநிலையில் இருந்தன. பெனால்டி உதைகளும் 11–11 என முடிந்தன. பின்னர் நாணயம் சுண்டி இந்தியா வென்றதாக அறிவிக்கப்பட்டது. வங்கதேச அணி அதை எதிர்த்தது. இறுதியில் இரு நாடுகளும் கூட்டு வெற்றியாளர்களாக அறிவிக்கப்பட்டன. பட்டியலில் பதிவாகும் பெயர் எவ்வளவு மெல்லிய இழையில் தொங்கக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

வயதும் உடல் வளர்ச்சியும்

வயதுப் பிரிவுப் போட்டிகளில் தகுதி நாள் பொதுவாக ஜனவரி 1 ஆகும். எடுத்துக்காட்டாக, 2017-இல் இந்தியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில், 2000 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் ஆடலாம். ஜனவரியில் பிறந்தவரும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்தவரும் ஒரே பிரிவில் வருவர். பதின்ம வயதில் ஏறக்குறைய ஓராண்டு வேறுபாடு என்பது உயரம், எடை, வேகம் ஆகியவற்றில் பெரிய வேறுபாடாகும். எனவே ஆண்டின் முற்பகுதியில் பிறந்தோர் தேர்வுகளில் கூடுதலாக இடம்பெறும் போக்கு பல நாடுகளில் காணப்படுகிறது. இது 'சார்பு வயது விளைவு' எனப்படும்.

பிறப்புச் சான்றிதழில் வயதைக் குறைத்துக் காட்டும் முறைகேடும் ஒரு சிக்கலாகும். இதைத் தடுக்க, ஃபிஃபா 2009 முதல் சிறுவர் உலகக் கோப்பையில் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. கருவியால் ஆராய்கிறது. மணிக்கட்டிலுள்ள வளர்ச்சித் தட்டு முழுமையாக இணைந்துவிட்டால், அந்த வீரர் 17 வயதைக் கடந்தவராக இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். இந்தியாவில் மணிக்கட்டு எக்ஸ்ரேயை வைத்து எலும்பு வயதைக் கணிக்கும் முறையும் பயன்படுகிறது. விரைவாக வளர்ந்த உடலைத் திறன் என்று தவறாக எண்ணிவிடக் கூடாது என்பதே இதிலிருந்து பெற வேண்டிய பாடம்.

தேர்வு வலையின் அகலம்

2017 உலகக் கோப்பையில் ஆடிய இந்திய அணியின் 21 வீரர்களில் 8 பேர் மணிப்பூரைச் சேர்ந்தவர்கள். 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 28.5 லட்சம் மக்களே வாழ்ந்த மாநிலம் அது. தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் ஒருவரும் அந்த அணியில் இல்லை. கால்பந்து ஊறிய சில பகுதிகளில் இருந்தே இந்திய அணியின் பெரும்பகுதி வருகிறது. எனவே '140 கோடி பேரில் 11 பேர் இல்லையா' என்ற வழக்கமான கேள்வி பொருத்தமற்றது. தேர்வாளர் கண்ணில் படும் சிறுவர்களின் எண்ணிக்கையே உண்மையான மக்கள்தொகை.

வலைக்கு வெளியே இருப்பவர்கள் திறனற்றவர்கள் அல்லர். இராமநாதபுரத்தை அடுத்துள்ள சிவகங்கை மாவட்டத்தின் கண்டனூரைச் சேர்ந்த சிவசக்தி நாராயணன் 2001-இல் பிறந்தவர். 2017 அணியின் வயது வரம்புக்குள் வருபவர். அந்த அணியில் அவர் இல்லை. ஆனால் பெங்களூரு அணிக்காக ஆடி, 2022–23 ஐ.எஸ்.எல். பருவத்தின் வளர்ந்துவரும் வீரர் விருதைப் பெற்றார். கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரை ஊரான இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ் இந்திய மூத்தோர் அணியில் முதன்முதலாக ஆடியது 2019-இல். அப்போது அவருக்கு வயது 24. பதினேழு வயதில் எடுத்த பட்டியலில் இத்தகையவர்கள் இடம்பெறுவதில்லை.

பதினேழு வயதுக்குப் பின்

2017 உலகக் கோப்பையில் இந்தியா அமெரிக்காவிடம் 0–3, கொலம்பியாவிடம் 1–2, கானாவிடம் 0–4 எனத் தோற்றது. கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் சிங் அடித்ததே ஃபிஃபா உலகக் கோப்பை ஒன்றில் இந்தியா அடித்த முதல் கோல். முடிவுகளை மட்டும் வைத்தால் அது தோல்வி அணி. ஆனால் அதிலிருந்து ஜீக்சன் சிங், சுரேஷ் சிங், அன்வர் அலி ஆகியோர் மூத்தோர் தேசிய அணிக்கு வந்தனர்.

இதற்கு ஒரு காரணம், அந்தச் சிறுவர்களுக்குத் தொடர்ந்து ஆட்டம் கிடைத்ததாகும். இளம் வீரர்களுக்காக 2010-இல் தொடங்கப்பட்ட 'இந்தியன் ஆரோஸ்' அணி, ஐ-லீக்கில் வளர்ந்த ஆண்களை எதிர்த்து அவர்களை ஆட வைத்தது. வாரந்தோறும் தோற்றாலும் ஆடுகள நேரம் கிடைத்தது. அந்த அணி 2022-இல் கலைக்கப்பட்டது. பதினெட்டு முதல் இருபத்தொரு வயது வரை தனி அணிகளில் மாற்று வீரராக அமர்ந்திருக்கும் இளைஞன், முன்பு எத்தனை கோப்பை வென்றிருந்தாலும் வளர்வது கடினம்.

நிர்வாகக் கோளாறுகளும் இந்த ஆண்டுகளையே தின்கின்றன. இந்தியக் கூட்டமைப்பை ஃபிஃபா 2022 ஆகஸ்டில் இடைநீக்கம் செய்தது. சில நாட்களில் அது விலக்கப்பட்டது. இலங்கைக் கூட்டமைப்பு மீது 2023 ஜனவரியில் விதிக்கப்பட்ட இடைநீக்கம் ஆகஸ்டு வரை நீடித்தது. அந்த ஆண்டு பெங்களூருவில் நடந்த சாஃப் கோப்பையில் இலங்கை ஆட முடியவில்லை. நிர்வாகிகளுக்கு ஏழு மாதம் என்பது ஒரு தகராறு. பதினாறு வயதுச் சிறுவனுக்கோ அது திரும்பி வராத ஒரு பருவம்.

கடவுச்சீட்டும் திறனும்

'தேசிய' அணி என்பதால், யார் குடிமகன் என்ற சட்டக் கேள்வியும் ஒப்பீட்டில் நுழைகிறது. அணியில் ஆட, அந்நாட்டின் நிரந்தரக் குடியுரிமை வேண்டும் என்பது ஃபிஃபாவின் விதி.

இலங்கை, குறிப்பிட்ட நிபந்தனைகளுடன் இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது. எனவே புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளை அது அணியில் சேர்க்க முடிகிறது. சுவீடனில் பிறந்த ஆதவன் ராஜமோகன் அவ்வாறு இலங்கைக்கு ஆடியவர். 2024-இல் கம்போடியாவைப் பெனால்டி உதைகளில் வென்று ஆசியக் கோப்பைத் தகுதிப் போட்டியின் இறுதிச் சுற்றை இலங்கை எட்டியது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 2017 சிறுவர் அணியின் கோல்காப்பாளர்களில் ஒருவரான சன்னி தாலிவால் கனடாக் குடியுரிமையைத் துறந்தே இந்தியாவுக்கு ஆட முடிந்தது.

இதன் மறுபக்கம் இராமநாதபுரம் கடற்கரையில் உள்ளது. 1983 முதல் போரால் கடல் கடந்து வந்த ஈழத்தமிழர்கள் தமிழ்நாட்டின் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் வாழ்கின்றனர். அவர்கள் வந்திறங்கிய முதன்மை இடங்களில் ஒன்று மண்டபம் முகாம். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு இலங்கை மண் தெரியாது. இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி, 1987 ஜூலை 1-க்குப் பின் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பால் குடிமகனாக, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும்; 2004 டிசம்பருக்குப் பின் பிறந்தோருக்கு விதி மேலும் கடுமையானது. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையிலிருந்து வந்தோரை உள்ளடக்கவில்லை. இலங்கைக் குடியுரிமை பெற, பெற்றோர் வழி உரிமையின்படி பிறப்பைப் பதிவுசெய்து ஆவணம் பெற வேண்டும். அதுவரை முகாம் திடலில் ஆடும் சிறுவன், எவ்வளவு திறன் இருந்தாலும், எந்தக் கரையின் கணக்கிலும் சேர்வதில்லை.

ஒப்பிடும்போது கேட்க வேண்டியவை

இரு நாடுகளின் இளையோர் அணிகளை ஒப்பிடும் மாணவர்கள் பின்வருவனவற்றைக் கேட்கலாம்:

• முடிவு ஓர் ஆட்டத்தைச் சார்ந்ததா, பல ஆண்டுகளைச் சார்ந்ததா?
• அணியில் ஆண்டின் முற்பகுதியில் பிறந்தவர்கள் எத்தனை பேர்?
• வீரர்கள் எத்தனை மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள்?
• ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அவர்களில் எத்தனை பேர் முதல்நிலை லீக்கில் தொடர்ந்து ஆடுகின்றனர்?
• அந்த மண்ணில் வாழ்ந்தும் அணிக்குத் தகுதி பெற முடியாதவர்கள் யார்?

முதல் நான்கு கேள்விகளுக்கான விடையைப் பதிவேடுகளில் தேடிப் பெறலாம். ஐந்தாவதன் விடை எந்தப் புள்ளிவிவரப் பட்டியலிலும் இருப்பதில்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே திறனைப் பிரிப்பது முப்பது கி.மீ. கடலைவிட, தேர்வாளரின் வருகையும் ஆட்ட வாய்ப்பும் கையிலுள்ள ஆவணமுமே ஆகும்.