ஒரு பக்கக் கன்னம் புடைப்பது ஏன்?

யார் முகமும் இரு பக்கமும் அச்சில் வார்த்ததுபோல் இருப்பதில்லை. சிறு வித்தியாசம் இயற்கை. அதற்காகக் கவலை வேண்டாம்.

ஆனால், நாளாக ஆக ஒரு கன்னம் மட்டும் புடைத்து வந்தால் முதலில் பல்லைப் பார்க்க வேண்டும். காதுக்குக் கீழே தாடையில் கையை வைத்துப் பல்லை இறுகக் கடித்துப் பாருங்கள். தசை ஒன்று திரண்டு எழும். மெல்லும் வேலை அதனுடையது. வலது பக்கம் சொத்தைப் பல் வலித்தால், முறுக்கையும் கரும்பையும் இடது பக்கமே கடிக்கிறோம். ஆண்டுக்கணக்கில் இப்படி நடந்தால், கர்லாக்கட்டை சுற்றும் கைபோல அந்தத் தசை பருத்துவிடலாம். தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிப்பதும் ஒரு காரணம்.

சொத்தையை அடைத்து, விழுந்த பல்லுக்குப் பல் கட்டினால் இரு பக்கமும் மெல்லலாம். பல்லைக் கடிப்பவர்களுக்கு இரவில் மாட்டிக்கொள்ள உறை செய்து தருவார்கள். தசையைச் சுருக்க 'போடாக்ஸ்' ஊசியும் உண்டு. பலன் சில மாதங்களே! ஊசிக்கு ஆசைப்படுமுன் பல் டாக்டரிடம் வாயைத் திறப்பதே மேல். தாடை எலும்பே கோணலாக இருந்தால் பல்லுக்குக் கம்பியோ, ஆபரேஷனோ தேவைப்படும்.

புகையிலை போடுபவர்களுக்குக் கன்னத்தில் கட்டியோ, ஆறாத புண்ணோ வந்தால் புற்றுநோயா என்று உடனே பரிசோதிக்க வேண்டும்.

திடீரென்று வாய் கோணினால்...

இது தாடைத் தசையின் கோளாறு அல்ல. முக நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். பக்கவாதமாகவும் இருக்கலாம். கை தளர்ந்து, பேச்சும் குழறினால் சந்தேகமே வேண்டாம். "காற்று பட்டுவிட்டது" என்று எண்ணெய் தடவிக்கொண்டு வீட்டில் இருக்கக்கூடாது. 108-க்குப் போன் செய்ய வேண்டும். மூளையில் ரத்தக் கட்டி அடைத்திருந்தால், அதைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.